இல்லாத கையை மூளை இன்னும் அசைக்கிறது: மூளை-இயந்திர இணைப்பு பற்றிப் பேசுவோமா?

கனகராயன்கரை | விசுவமடு

வணக்கம். நான் கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் இறுதி ஆண்டு படிக்கிறேன். மூளையின் மின்னலைகளைத் தலைக்கு வெளியே இருந்து பதிவு செய்வதுதான் என் ஆய்வு வேலை. அப்படி எடுத்த மூளையின் குறியைக் கொண்டு கருவி ஒன்றை இயக்குவதுதான் மூளை-இயந்திர இணைப்பு. போன மாதம் நடந்த ஒன்றைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் மாமாவுக்கு 2009 இல் ஷெல் பட்டு வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. ஆனால் இரவில் அந்த இல்லாத கை இறுகப் பொத்தியபடி நோகிறது என்று சொல்லுவார். நகம் உள்ளங்கைக்குள் இறங்குகிற மாதிரி இருக்குமாம். சின்ன வயதில் இதைக் கேட்டு என்ன சொல்வதென்று தெரியாமல் பேசாமல் இருந்துவிடுவோம். அம்மம்மா திருநீறு பூசிவிடுவா.

எட்டு மின்வாய்கள் (மின்குறியைப் பிடிக்கும் சிறு முனைகள்) உள்ள தொப்பி ஒன்றை மாமாவின் சம்மதத்தோடு அவர் தலையில் மாட்டினேன். வீட்டுக்குள் வயரிங்கில் இருந்து வரும் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் எல்லாவற்றையும் மூடிவிட்டது. அதனால் முற்றத்து வேம்புக்குக் கீழே கதிரை போட்டு, லப்டொப்பை பற்றரியில் ஓடவிட்டோம். டோர்ச் பற்றரி ஒன்று 1.5 வோல்ற். நான் தேடியது அதில் இலட்சத்தில் ஒரு பங்கு.

"கையைப் பொத்துங்கோ மாமா" என்றேன். "எந்தக் கை?" என்று கேட்டார். வலது கை என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

கை ஓய்வாக இருக்கும்போது மூளையில் அந்தக் கைக்குரிய இடத்தில் நொடிக்கு 8 முதல் 13 தடவை ஏறி இறங்கும் அலை ஒன்று ஓடும். கையை அசைத்தால் அது தணியும். அசைக்க நினைத்தாலே தணியும். வலது கைக்குரிய இடம் தலையின் இடது பக்கம். ஒரு தடவை பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. நாற்பது தடவை செய்யச் சொல்லிச் சராசரி எடுத்தேன். இடது பக்க அலை தெளிவாகத் தணிந்தது. கோட்டைக் காட்டினேன். "அப்ப நான் பொய் சொல்லேல்ல" என்றார்.

மூளைக்குள் சிப் என்றால் இப்போது எல்லோரும் நியூராலிங்க் என்ற அமெரிக்க நிறுவனம் பற்றியே பேசுகிறார்கள். 2024 ஜனவரியில் அவர்கள் முதல் மனிதருக்குப் பொருத்தினார்கள், சரி. எனக்கு அந்தக் கருவியை விட, இந்த வழியாக மனித மூளை எப்படி நினைக்கிறது, எப்படி அசைவைக் கட்டளையிடுகிறது என்று பார்க்க முடிகிறதே, அதுதான் பெரிய விசயம். இங்கே தெரிந்தவர்கள், அனுபவப்பட்டவர்கள் எழுதுங்கள்.


வேப்பம்பூ | முள்ளியவளை

தம்பி, உங்கள் மாமாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நான் இயன்மருத்துவர். பதினொரு வருடமாக இந்த வேலை. "கால் கடிக்குது மிஸ்", "பெருவிரல் மடங்கிக் கிடக்கு, நிமித்தி விடுங்கோ" என்று, கால் இல்லாத இடத்தைக் காட்டிச் சொல்பவர்கள் நிறையப் பேர். பாதிப்பேர் முதலில் வாயே திறக்க மாட்டார்கள். விசர் என்று நினைத்துவிடுவார்கள் என்ற பயம். மூன்றாம் நான்காம் முறை வரும்போதுதான் மெல்லச் சொல்லுவார்கள்.

இதை உலகுக்கு விளங்க வைத்தவர்களில் ஒருவர் நம்மவர், வி. எஸ். ராமச்சந்திரன். சென்னை ஸ்ரான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, பிறகு கலிபோர்னியாவில் சான் டியேகோவில் வேலை செய்தவர். கை இழந்த ஒருவரின் கன்னத்தைத் தொட்டபோது, இல்லாத கையில் தொட்டது போல அவர் உணர்ந்தார். மூளையில் முகத்துக்குரிய இடமும் கைக்குரிய இடமும் பக்கத்துக் காணிகள் என்பதால், காலியான காணிக்குள் பக்கத்துக்காரர் வந்துவிட்டார் என்று ராமச்சந்திரன் விளக்கினார். பிறகு 1990களில் கண்ணாடிப் பெட்டி வைத்தியம். இருக்கிற கையைக் கண்ணாடிக்கு முன்னால் அசைத்தால், போன கை அசைவது போலத் தெரியும். இறுகிய விரல் சிலருக்கு அப்போது விரியும்.

நானும் மட்டைப் பெட்டியில் கண்ணாடி ஒட்டிச் செய்து பார்த்தேன். சிலருக்கு நோ குறைந்தது, சிலருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு காலும் போனவருக்குக் கண்ணாடியில் எதைக் காட்டுவது? அந்தக் கேள்வியோடு நிற்கிறேன். உங்கள் தொப்பி அதற்கு உதவுமா?


கனகராயன்கரை | விசுவமடு

அக்கா, அந்த இடத்தில்தான் எனக்கும் ஆசை. தொப்பியில் வரும் குறியைக் கொண்டு திரையில் ஒரு காலை அசைய வைக்கலாம். அவர் அசைக்க நினைத்தால் அந்தக் கால் அசையும். கண்ணாடிக்கு மற்றக் கால் வேண்டும், இதற்கு வேண்டாம். ஆனால் காலுக்குரிய இடம் இரண்டு அரைக்கோளங்களுக்கும் நடுவே உள்ளுக்குள் மடிந்து கிடக்கிறது. உச்சியில் வைக்கும் மின்வாய்க்கு அது மங்கலாகத்தான் கேட்கும். கையைப் போல இலகு இல்லை.

பக்கத்துக்காரர் காணி பிடித்த கதையில் ஒரு திருத்தம் வந்திருக்கிறது. மருத்துவக் காரணங்களுக்காகக் கை வெட்டப்படப்போகும் மூன்று பேரை, வெட்டுவதற்கு முன்பே எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் விரல்களை அசைக்கச் சொல்லிப் பதிந்தார்கள். வெட்டிய பிறகு அதே ஆட்களிடம் இல்லாத விரல்களை அசைக்கச் சொன்னார்கள். 2025 இல் வெளியான அந்த ஆய்வில், கையின் படம் முன்பிருந்தது போலவே கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. காணி காலியாகவே இல்லை. உரித்துக்காரர் உள்ளேதான் இருக்கிறார்.

மூளை-இயந்திர இணைப்பு வேலை செய்வதே இதனால்தான். 2004 இல் அமெரிக்காவில் மத்தியூ நேகிள் என்பவருக்கு 4 மில்லிமீற்றர் சதுரத் தகடு ஒன்றை அசைவைக் கட்டளையிடும் பகுதியான மூளையின் இயக்க மேற்பட்டையில் பொருத்தினார்கள். அதில் ஊசி மாதிரி 96 மின்வாய்கள். கழுத்தில் கத்திக்குத்துப் பட்டு மூன்று வருடமாகக் கைகால் அசையாதவர். கையை அசைக்க நினைக்கச் சொன்னபோது அங்குள்ள நரம்புக்கலங்கள் உடனே துடித்தன. அதைக் கொண்டு அவர் கணினித் திரையில் சுட்டியை நகர்த்தினார். முண்ணாண் (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டு) அறுந்தாலும் கட்டளை போடுகிற இடம் வேலையை விடுவதில்லை.


துருசு | அக்கராயன்

பிள்ளைகள், நான் நீர்ப்பாசனப் பகுதியில் முப்பது வருடம் இருந்து இளைப்பாறினவன். படித்தது குறைவு, ஆனால் விளங்க விருப்பம். கையை அசைக்கும்போது மூளையில் என்ன நடக்கிறது என்று பார்க்க, சும்மா கையை அசைக்கச் சொல்லிப் பார்த்தால் போதாதா? இடையில் இயந்திரம் எதற்கு?


கடல்தாண்டி | ரொறன்ரோ, பிறந்தது நெடுங்கேணி

ஐயா, இந்தத் துறையின் உயிர்க் கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். நான் நரம்பியல் ஆய்வுகூடம் ஒன்றில் தரவுகளோடு வேலை செய்கிறேன். கொஞ்சம் நீட்டிச் சொல்ல விடுங்கள்.

நீங்கள் ஒரு தேத்தண்ணிக் கோப்பையை எடுக்கும்போது கோடிக்கணக்கான நரம்புக்கலங்கள் துடிக்கின்றன. எங்களிடம் இருப்பது அதில் நூறையோ ஆயிரத்தையோ கேட்கிற ஊசி. மிச்சம் என்ன செய்தது என்று தெரியாது. இயக்க மேற்பட்டையில் ஒவ்வொரு கலத்துக்கும் விருப்பமான திசை ஒன்று உண்டு, அந்தத் திசைக்குக் கை போகும்போது அது கூடத் துடிக்கும் என்று ஜோர்ஜோபூலஸ் என்ற ஆய்வாளர் 1980களில் காட்டினார். பலதையும் கூட்டினால் கை போகும் திசை வருகிறது. அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் கலம் துடித்ததால் கை போனதா, இரண்டும் சேர்ந்து நடந்ததா என்று கேட்டால், பார்த்துக்கொண்டு இருப்பதால் மட்டும் பதில் வராது. இடையில் முண்ணாண், தசை, மூட்டு எல்லாம் இருக்கின்றன.

1969 இல் சியற்றிலில் எபர்ஹார்ட் ஃபெற்ஸ் ஒரு குரங்கின் ஒரே ஒரு நரம்புக்கலத்தின் துடிப்பை ஒரு மானியின் முள்ளோடு இணைத்தார். கலம் வேகமாகத் துடித்தால் முள் ஏறும், சாப்பாடு கிடைக்கும். குரங்கு அந்த ஒற்றைக் கலத்தைத் தன் விருப்பத்துக்குத் துடிக்க வைக்கப் பழகிக்கொண்டது. அந்தக் கலம் முன்பு எதற்கு இருந்தது என்பது இங்கே தேவையில்லை. இப்போது அது முள்ளின் எசமான். இந்த விதியை எழுதியவர் ஆய்வாளர்.

இயந்திரம் இதற்காகத்தான் ஐயா. எந்தக் கலம் துடித்தால் சுட்டி எந்தப் பக்கம் போக வேண்டும் என்று நாங்களே கணக்கு எழுதுகிறோம். சுட்டியை அசைக்கும் கலங்கள் அத்தனையும் எங்கள் ஊசியில் இருக்கின்றன. மறைவாக எதுவும் இல்லை. பிறகு அந்தக் கணக்கை வேண்டுமென்றே மாற்றிவிட்டு, மூளை எப்படிப் புதிதாகப் பழகுகிறது என்று பார்க்கிறோம். உங்கள் கையையும் மூளையையும் இணைக்கும் கம்பிகளை இடையில் யாரும் மாற்ற முடியாது. இங்கே முடியும்.

2014 இல் பிற்ஸ்பேர்க்கில் செய்த ஒன்று எனக்கு மிகப் பிடித்தது. சில பத்துக் கலங்கள் தனித்தனியாகக் கண்டபடி துடிப்பதில்லை. சில கூட்டுக் கோலங்களில் மட்டும் சேர்ந்து துடிக்கின்றன. அந்தக் கோலங்களுக்கு உள்ளேயே நின்று கணக்கை மாற்றினால் குரங்குகள் சில மணி நேரத்தில் பழகிவிட்டன. இதுவரை இல்லாத கோலத்தை உண்டாக்கினால்தான் சுட்டி அசையும் என்று மாற்றினால், ஒரு நாளுக்குள் பழக முடியவில்லை. இரண்டு முறையும் கலங்கள் அதேதான். அதே ஆய்வுக் குழு 2018 இல் இன்னொன்றைக் காட்டியது. உள்ளே பழகும்போது மூளை புதுக்கோலம் உருவாக்குவதில்லை. இருக்கிற கோலங்களையே எடுத்து வேறு அசைவுக்கு மாற்றிக் கொடுக்கிறது.


துருசு | அக்கராயன்

பிள்ளை, இப்ப விளங்கினது. இரணைமடுவில் இருந்து இடதுகரை, வலதுகரை வாய்க்கால் போகிறது. எந்தக் கதவை எவ்வளவு திறப்பது என்று மாற்றினால் அன்றைக்கே வேறு வயலுக்குத் தண்ணீர் போய்விடும். வாய்க்கால் இல்லாத மேட்டுக்குத் தண்ணீர் வேண்டும் என்றால் கதவைத் திருகி வேலையில்லை. வெட்ட வேண்டும். அதற்கு நாட்கள் வேண்டும்.

வெட்ட முடியுமா என்பதுதான் இப்போது என் கேள்வி.


கடல்தாண்டி | ரொறன்ரோ, பிறந்தது நெடுங்கேணி

முடியும் ஐயா. 2019 இல் அதே குழுவினர் படிப்படியாகப் பல நாள் பழக்கிப் பார்த்தார்கள். முன்பு இல்லாத கோலங்கள் உண்டாகின. உங்கள் உவமையை நாளைக்கு ஆய்வுகூடத்தில் சொல்லப்போகிறேன்.


வேப்பம்பூ | முள்ளியவளை

நான் தினமும் காண்பது இதுதான். பக்கவாதம் வந்தவர் தோளை உயர்த்திக் கையைத் தூக்கும் பழக்கத்தை இரண்டே நாளில் பிடித்துவிடுவார். இருக்கிற வாய்க்கால். விரலைத் தனியாகப் பிரிக்க மாதக்கணக்கு. வீட்டார் "அவருக்கு மனமில்லை" என்று ஏசுவார்கள். மனமில்லாமல் இல்லை. இனி அவர்களுக்கு இரணைமடுவைச் சொல்லி விளங்கப்படுத்துவேன்.


மாங்குளம்சந்தி | மாங்குளம்

எல்லாரும் நல்லாக எழுதுகிறீர்கள். நான் கொஞ்சம் கசப்பாக எழுதினால் குறை நினைக்காதீர்கள்.

எனக்கு 41 வயது. 2009 இல் முதுகில் துண்டு பட்டது. தொப்புளுக்குக் கீழே உணர்வு இல்லை. எங்களைப் போன்றவர்களுக்கு முதல் எதிரி படுக்கைப் புண், இரண்டாவது சலக்குழாயால் வருகிற கிருமி. என்னோடு ஒரே வாட்டில் கிடந்த இரண்டு பேர் புண்ணால்தான் போனார்கள். காற்று மெத்தையும் நல்ல குழாயும் ஒழுங்காகக் கிடைத்திருந்தால் இருந்திருப்பார்கள். மூளைக்குள் ஊசி வைக்கிற கதையைக் கேட்கும்போது எனக்கு முதலில் அவர்களின் முகம்தான் வருகிறது.

இரண்டாவது விசயம். சில வருடங்களுக்கு முதல் ஒரு திட்டத்தில் மின்சாரச் சக்கர நாற்காலி தந்தார்கள். படம் எடுத்தார்கள். இரண்டாம் வருடம் பற்றரி செத்துவிட்டது. தந்தவர்களின் தொலைபேசி இலக்கம் வேலை செய்யவில்லை, திட்டம் முடிந்துவிட்டதாம். அந்த நாற்காலி இப்போது மாமரத்துக்குக் கீழே நிற்கிறது. நான் பழைய கைச் சில்லு நாற்காலியில் இருந்துதான் இதை எழுதுகிறேன். நாற்காலிக்கே இப்படி என்றால், தலைக்குள் வைத்ததை யார் பார்ப்பார்கள்?


கனகராயன்கரை | விசுவமடு

அண்ணா, நீங்கள் கேட்டதில் கசப்பு இல்லை, நியாயம் இருக்கிறது. எனக்குத் தெரிந்ததை மறைக்காமல் சொல்கிறேன்.

அமெரிக்காவின் ஓகாயோவைச் சேர்ந்த இயன் பேர்க்கார்ட் என்பவர் கடலில் பாய்ந்தபோது கழுத்து முறிந்து கை வழங்காமல் போனவர். 2014 இல் அவர் மூளையில் தகடு வைத்தார்கள். மூளையின் குறியை வாசித்து, முன்கையில் சுற்றிய பட்டியால் தசைகளுக்கு மின்சாரம் கொடுத்தார்கள். தன் சொந்தக் கையால் போத்தலைப் பிடித்து ஊற்றினார். ஆய்வுகூடத்தில் மட்டும்தான். வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. 2021 இல் கிருமி தொற்றி அதைக் கழற்ற வேண்டி வந்தது. கண் தெரியாதவர்களுக்கு விழித்திரையில் கருவி பொருத்திய செக்கண்ட் சைற் என்ற நிறுவனம் 2020 இல் பணநெருக்கடியில் விழுந்தபோது, கருவி கண்ணுக்குள் இருக்க, அதைப் பார்க்க ஆள் இல்லாமல் பலர் நின்றார்கள். உங்கள் மாமரத்து நாற்காலியின் கதைதான் அங்கேயும்.

அதனால் வன்னிக்கு இப்போதே மூளைத் தகடு வேண்டும் என்று நான் சொல்லவில்லை. காற்று மெத்தை முதலில். இதை நான் எழுத்தில் போடுகிறேன்.


வேப்பம்பூ | முள்ளியவளை

ஊசி இல்லாமல் செய்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 2014 கால்பந்து உலகக் கிண்ணத் தொடக்க விழாவில், சாவோ பாவுலோவில், இடுப்புக்குக் கீழே இயங்காத ஒருவர் வெளிச்சட்டகம் (உடலில் மாட்டி நடக்க வைக்கும் இயந்திரச் சட்டகம்) அணிந்து பந்தைத் தட்டினாரே, அது நிக்கோலெலிஸ் என்ற நரம்பியலாளரின் குழுவின் வேலை. தலையில் தொப்பி மட்டும்தான். அந்தக் குழு எட்டுப் பேருக்கு ஒரு வருடம் பயிற்சி கொடுத்து 2016 இல் முடிவை வெளியிட்டது. எட்டுப் பேருக்கும் புண்பட்ட இடத்துக்குக் கீழே கொஞ்சம் உணர்வோ தசை அசைவோ திரும்பியது. முழுதாக முறிந்தது என்று எழுதப்பட்ட சிலரின் பதிவையே மாற்ற வேண்டி வந்தது.

ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு அதில் இல்லை. தொப்பியாலா, ஒரு வருடம் விடாமல் நிற்க வைத்து நடக்க வைத்த பயிற்சியாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. எனக்கு அதில் படுவது இன்னொன்று: முழுதாக முறிந்தது என்று நாங்கள் எழுதுகிற பலரிடம் சில நார்கள் மிஞ்சி இருக்கின்றன. ஒருவரும் கேட்டுப் பார்க்காததால் அவை பேசாமல் கிடக்கின்றன. மாங்குளம் தம்பி, இது உங்களுக்கு நம்பிக்கை விற்கிற பேச்சு இல்லை. நீங்கள் ஆசைப்பட்டு மனம் உடைவதை நான் விரும்பவில்லை.


பண்டாரிகுளம்_ஆசிரியை | வவுனியா

நீண்ட நேரம் வாசித்துவிட்டு ஒரு பயத்தோடு எழுதுகிறேன். இந்த மண்ணில் விசாரணை என்ற சொல்லைக் கேட்டாலே வயிறு கலங்குகிற வீடுகள் உண்டு. மூளையை வாசிக்கிற இயந்திரம் என்றால் எங்கள் சனம் முதலில் நினைப்பது அதைத்தான். மனதுக்குள் இருப்பதை எடுத்துவிட முடியுமா?


கடல்தாண்டி | ரொறன்ரோ, பிறந்தது நெடுங்கேணி

ரீச்சர், தொப்பியால் முடியாது. மண்டையோட்டுக்கு வெளியே இருந்து கேட்பது, கோயில் திருவிழாவை மதிலுக்கு வெளியே நின்று கேட்பது மாதிரி. மேளம் கேட்கும். யார் யாரோடு என்ன பேசுகிறார் என்று கேட்காது. நீங்கள் ஒத்துழைக்காமல், கையை நினை என்றால் நினைக்காமல் இருந்தால், கனகராயன்கரைத் தம்பியின் கோடு அசையவே அசையாது.

மூளைக்குள் வைப்பதில் கதை வேறு. எண்ணம், திட்டம், அசைவு எல்லாம் ஒரே இடத்தில் நடப்பதில்லை. கலிபோர்னியாவின் கல்ரெக் பல்கலைக்கழகத்தில் றிச்சர்ட் அண்டர்சன் குழு, கைகால் இயங்காத எரிக் சோர்ற்றோ என்பவருக்கு மூளையின் பிற்பக்கம், சுவர்ப் பகுதியில் பொருத்தியது. அங்கே கை எப்படி அசைய வேண்டும் என்பதை விட, எதை அடைய வேண்டும் என்ற குறிக்கோள் கிடைத்தது. 2015 இல் வெளியானது. மனிதனின் நோக்கம் அசைவாக மாறுவதற்கு முன்பே அதைப் பார்க்க முடிகிறது என்பது அறிவியலுக்குப் பெரிய வாசல். உங்கள் பயத்துக்கும் அதுதான் வாசல்.

2025 இல் ஸ்ரான்ஃபோர்ட் குழு, வாயால் சொல்ல முயலாமல் மனதுக்குள் பேசும் பேச்சையும் ஓரளவு பிரித்தெடுத்தது. அதே ஆய்வில் ஒரு பூட்டும் வைத்தார்கள். அந்த ஆள் ஒரு கடவுச்சொல்லை மனதுக்குள் சொன்னால்தான் இயந்திரம் கேட்கத் தொடங்கும். சிலி நாடு 2021 இல் மூளைச் செயற்பாட்டையும் அதிலிருந்து வரும் தகவலையும் பாதுகாக்க அரசியலமைப்பையே திருத்தியது. பூட்டு ஆய்வாளரின் நல்ல மனதில் மட்டும் தங்கி இருக்கக்கூடாது, சட்டத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் என் நிலை. நான் இந்தத் துறையில் சம்பளம் வாங்குபவள், இருந்தும் சொல்கிறேன்.


துருசு | அக்கராயன்

ரீச்சர் கேட்டது நல்லது. எல்லோரும் கேட்க வேண்டியது.


கனகராயன்கரை | விசுவமடு

மாமா இந்த இழையை வாசித்துவிட்டு ஒன்று கேட்டார். "செயற்கைக் கை அசைஞ்சாலும், பிடிச்சது சூடோ குளிரோ எண்டு தெரியாட்டி என்ன?" கடல்தாண்டி அக்கா, இதற்கு நீங்கள் சொன்னால் நல்லது.


கடல்தாண்டி | ரொறன்ரோ, பிறந்தது நெடுங்கேணி

மாமா சரியான இடத்தில் பிடித்துவிட்டார். பிற்ஸ்பேர்க்கில் கைகால் இயங்காத நேதன் கோப்லண்ட் என்பவருக்கு இயக்கப் பகுதியில் மட்டுமில்லாமல் தொடுகைப் பகுதியிலும் தகடு வைத்தார்கள். இயந்திரக் கையின் விரலைத் தொட்டால் அவர் மூளைக்குள் சிறு மின்துடிப்புப் போகும். தன் விரலில் தொட்டது போல அவர் உணர்ந்தார். 2021 இல் வெளியான சோதனையில், பொருள்களை எடுத்து வைக்க தொடுகை இல்லாமல் சுமார் 20 செக்கன் எடுத்தது, தொடுகை வந்தபோது 10 ஆகிவிட்டது. கண்ணால் பார்த்து மட்டும் கையை நடத்துவது எவ்வளவு பாரம் என்று அந்த எண் சொல்கிறது. சூடு, குளிர் இன்னும் சரிவர வரவில்லை. அமுக்கம், கூச்சம் போலத்தான் சொல்கிறார்.

இருட்டில் தீப்பெட்டி தேடுகிற கை கண்ணை நம்பி இருப்பதில்லை, இல்லையா. அசைவு என்று நாங்கள் சொல்வதில் பாதி உணர்வுதான்.


மாங்குளம்சந்தி | மாங்குளம்

இரண்டு நாளாக யோசித்தேன். தம்பி, உங்கள் தொப்பியை என் தலையிலும் போட்டுப் பார்க்கலாமா? நடக்க வேண்டும் என்று இல்லை. என் கால் மேலே, தலைக்குள், இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நான் கேட்பது இவ்வளவுதான். பதிவின் பிரதி ஒன்று எனக்கு வேண்டும். முகநூலில் படம் போடக்கூடாது. தலையில் பூசுகிற பசையைக் கழுவ வீட்டில் அம்மா மட்டும்தான், அவவுக்கு நாரிநோ. அடுத்தது, நான் கால் மணிக்கு ஒருமுறை கையை ஊன்றி உடம்பைத் தூக்கி அமுக்கம் விட வேண்டும். அது உங்கள் கோட்டைக் குழப்புமா?


கனகராயன்கரை | விசுவமடு

குழப்பும் அண்ணா, தசையின் மின்சாரம் மூளையினதை விடப் பெரியது. அதனால் நீங்கள் தூக்கும் நேரங்களைக் குறித்து அந்தத் துண்டுகளை விட்டுவிடுவேன். நீங்கள் தூக்குவதைத் தள்ளிப்போட வேண்டாம். பசை வேண்டாம், உப்புத்தண்ணீரில் நனைத்த பஞ்சு வைத்தே செய்யலாம், துவாயால் துடைத்தால் போதும். பிரதியைப் பென்டிரைவில் அங்கேயே தந்துவிட்டு வருகிறேன். படம் எடுக்க மாட்டேன்.

ஒன்று மட்டும். கால் அசைவதைப் படம் பார்ப்பது போல மனதில் பார்க்காதீர்கள். காலுக்குள்ளே அதை உணர வேண்டும். அப்போதுதான் குறி தெளிவாக வரும். வலது கணுக்காலால் முன்பு அடிக்கடி செய்த ஒரு வேலையைத் தெரிவு செய்து வையுங்கள்.


வேப்பம்பூ | முள்ளியவளை

நானும் வருகிறேன். முதலில் முதுகையும் இருப்பையும் பார்த்து, புண் தொடங்குகிறதா என்று கவனித்த பிறகுதான் தொப்பி.


மாங்குளம்சந்தி | மாங்குளம்

சரி அக்கா.

தம்பி, எம்.டி 90 மோட்டார் சைக்கிள் ஓடினனான். பின்பிரேக் சரியான இறுக்கம், குதியை ஊன்றிக்கொண்டு முன்பாதத்தால் அழுத்த வேண்டும். புளியங்குளத்தில் இருந்து வருகிற பாதையில் மாடு குறுக்கே வந்தால் மிதிக்கிற மாதிரி நினைக்கட்டா? ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு வாருங்கள். ஒழுங்கை முழுக்க மணல், சைக்கிளை உருட்டித்தான் வரவேண்டும்.